ரசீதின் பின்பக்கம்

சிங்கப்பூரில் வாங்கிய பொருளைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்றைச் சட்டம் தருகிறது, மற்றொன்றைக் கடைக்காரர் தருகிறார். வாங்கிய மிக்சி மூன்றாம் நாளே நின்றுபோனால் சட்டம் பேசும். வாங்கிய சேலையின் நிறம் வீட்டு விளக்கில் பார்க்கும்போது பிடிக்கவில்லை என்றால் சட்டம் வாய் திறக்காது. மனம் மாறியவருக்குக் கைகொடுப்பது கடையின் கொள்கை மட்டுமே. அது கடைக்குக் கடை, சில கடைகளில் மாடிக்கு மாடி வேறுபடும். பணம் கட்டும் இடத்தில் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டும் ஒன்றோடொன்று குழம்புவதால் வருபவை.

சட்டத்தின் பக்கம் முதலில். பயனீட்டாளர் பாதுகாப்பு, நியாய வர்த்தகச் சட்டம் 2004 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. 2012 செப்டம்பர் 1 முதல் அதோடு சேர்ந்த விதிகளைத்தான் எல்லாரும் ‘லெமன் சட்டம்’ என்கிறார்கள். வாங்கிய நாளிலிருந்து ஓயாமல் பழுதாகும் காரை அமெரிக்காவில் லெமன் என்பார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. புதுக் காரின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகே வண்டியை நகர்த்தும் தமிழருக்கு, கெட்ட சரக்குக்கு இந்தப் பெயர் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

இந்தச் சட்டத்தின் மையம் 6 மாதக் கணக்கு. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த பழுது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லை என்று காட்டவேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. 6 மாதம் கடந்துவிட்டால் நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தோளுக்கு மாறுகிறது. மூன்று நாளில் வாடும் கீரைக்கு 6 மாதக் கணக்கு செல்லாது. பொருளின் இயல்புக்கு ஒவ்வாத இடத்தில் அந்த அனுமானம் எழுவதில்லை. பழைய பொருளை விற்பவரும் இதற்குள் வருகிறார், ஆனால் அதன் வயதும் கொடுத்த விலையும் கணக்கில் எடுக்கப்படும். வீடு, நிலம், வாடகைக்கு எடுத்த பொருள், சேவை ஆகியவை இதில் சேராது.

பழுது என்றதும் காசு கைக்கு வந்துவிடும் என்று நினைப்பது பரவலான தவறு. கடைக்காரர் முதலில் பழுதுபார்த்துத் தரலாம், அல்லது வேறொன்று மாற்றித் தரலாம். செலவு அவருடையது, நியாயமான காலத்துக்குள், வாங்கியவரை அதிகம் அலைக்கழிக்காமல் அதைச் செய்யவேண்டும். அது முடியாதபோதுதான் விலைக்குறைப்போ பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதோ வரும். அதுவரை பயன்படுத்தியதற்காக அந்தப் பணத்திலும் ஒரு பகுதி கழியலாம். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழுதான பொருளை முதல் 30 நாளில் நேரடியாகத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். சிங்கப்பூரின் லெமன் சட்டத்தில் அப்படியொரு நாள்கணக்கு இல்லை.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகை லிட்டில் இந்தியாவின் தேக்காவிலும் உண்டு, ஆர்ச்சர்ட் சாலையிலும் உண்டு. தள்ளுபடிக் காலத்தில் அது இன்னும் பெரிய எழுத்தில் தொங்கும். மனம் மாறித் திரும்பி வருபவரை அந்தப் பலகை தடுக்கும். பழுதான பொருளோடு வருபவரிடம் அது செல்லாது. சட்டம் தரும் உரிமையை ஒரு பலகையால் எடுத்துவிட முடியாது. ஒரு விலக்கு உண்டு. “இந்தத் தட்டில் கீறல் இருக்கிறது, அதனால்தான் பாதி விலை” என்று கடைக்காரர் முன்பே காட்டி விற்றிருந்தால், பிறகு அந்தக் கீறலைச் சொல்லிக்கொண்டு வரமுடியாது. மற்றபடி மலிவாக வாங்கினார் என்பதற்காக உரிமை மலிந்துவிடாது.

மனம் மாறுவதற்குச் சட்டம் இடம் தரும் ஒரு மூலையும் இருக்கிறது. அழைக்காமலே வீடு தேடி வந்து விற்பவர்களிடம் செய்த ஒப்பந்தத்தை 5 வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம். தானாக நடந்து கடைக்குள் போனவருக்கு அது பொருந்தாது. இணையத்தில் தானே தேடி வாங்கியவருக்கும் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் திருப்பலாம். சிங்கப்பூரில் அந்த அவகாசம் விற்பனைத் தளத்தின் சொந்தக் கொள்கையைப் பொறுத்தது.

இனிக் கடைகளின் பக்கம். பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற வழக்கம் பேரங்காடியோடு பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் நகரத்து போன் மார்ஷே அங்காடி, விலைச்சீட்டு ஒட்டி, பேரத்தை நிறுத்தி, கூடவே பிடிக்காததை மாற்றிக்கொள்ளவும் விட்டது. இந்த இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. பேரம் பேசி வாங்கும் கடையில் விலை என்பது இருவர் சேர்ந்து எட்டிய ஒரு முடிவு. அதை மறுநாள் கலைப்பது கொடுத்த வாக்கைக் கலைப்பதுபோல. விலைச்சீட்டுக் கடையில் அந்த உறவு கிடையாது. யார் வாங்கினாலும் அதே விலைதான் என்பதால், திரும்பி வந்த பொருளும் அதே விலைக்கு மறுபடி தட்டில் ஏறிவிடுகிறது.

சிங்கப்பூரின் பேரங்காடிகளில் ராபின்சன்ஸ் 1858இல் தொடங்கியது. டாங்ஸ் 1932இலும் மெட்ரோ 1957இலும் வந்தன. இசேத்தான் 1972இல் ஜப்பானிலிருந்து வந்தது. தக்காஷிமாயா 1993இல் நீ ஆன் சிட்டியில் திறந்தது. இவற்றின் மாற்றிக்கொள்ளும் விதிகளை அடுக்கிப் பார்ப்பவர் 7 நாள், 14 நாள், 30 நாள் என்ற எண்களில்தான் கண்ணை வைப்பார். அந்த எண்கள் காலத்துக்குக் காலம் மாறும். எண்ணைவிட முக்கியமானது சரக்கு யாருடையது என்பது. பேரங்காடியின் கூரை ஒருவருடையது. அதன் கீழே இருக்கும் பல கவுண்டர்கள் வேறு பலருடையவை. வாசனைத் திரவியம் ஒரு நிறுவனம், காலணி ஒரு நிறுவனம், கைப்பை இன்னொன்று. அவர்கள் சரக்கைக் கொண்டுவந்து வைத்து, தங்கள் ஆளையே நிற்கவைத்து விற்கிறார்கள். விற்றதில் ஒரு பங்கு அங்காடிக்குப் போகிறது. திரும்பி வரும் பொருளின் நட்டம் அந்தக் கவுண்டருக்குரியது. அதனால்தான் ஒரே ரசீதில் உள்ள இரண்டு பொருள்களில் ஒன்றை மாற்றித் தருவார்கள், மற்றொன்றை மாட்டோம் என்பார்கள். “அதே பிராண்டில்தான் எடுக்கணும்” என்பதற்கும் காரணம் இதுதான்.

சரக்கு முழுக்கத் தன்னுடையதாக இருக்கும் கடை இன்னும் தாராளமாக இருக்கமுடியும். யுனிக்லோ 30 நாள் தருகிறது. ஐக்கியா மாதக்கணக்கில் தருகிறது. தன் சட்டையை, தன் அலமாரியை மறுபடி தட்டில் வைக்க அவர்கள் வேறு யாரையும் கேட்கவேண்டியதில்லை. தாராளத்துக்கும் எல்லை உண்டு. வாழ்நாள் முழுக்கத் திருப்பலாம் என்று வாக்களித்திருந்த அமெரிக்காவின் எல்.எல்.பீன், பழைய பொருள் விற்பனையில் பொறுக்கி எடுத்ததையெல்லாம் சிலர் கொண்டுவந்து கொடுத்ததால் 2018 பிப்ரவரியில் அதை ஓராண்டாகக் குறைத்தது.

உள்ளாடை, நீச்சல் உடை, காதணி, திறந்த ஒப்பனைப் பொருள் ஆகியவற்றைப் பொதுவாக எந்தக் கடையும் திரும்பப் பெறாது. இதில் யாருக்கும் சச்சரவு இல்லை. சச்சரவு வருவது ‘திரும்பப் பெறுவோம்’ என்ற சொல்லின் பொருளில்தான். மாற்றிக்கொள்ளலாம் என்பது ஒரு நிலை. அதே தொகைக்குக் கடைப் பற்றுச்சீட்டு தருவது அடுத்த நிலை. காசாகவோ அட்டைக்கோ பணத்தைத் திருப்புவது மூன்றாம் நிலை. முதல் இரண்டிலும் பணம் கடையை விட்டு வெளியே போவதில்லை. பற்றுச்சீட்டுக்குக் காலாவதித் தேதியும் இருக்கலாம், அதுவும் ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில். ரசீது பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சாவதால் சில மாதத்தில் மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். 6 மாத உரிமையைக் காப்பாற்ற நினைப்பவர் வாங்கிய அன்றே அதைப் படமெடுத்து வைப்பது நல்லது.

லிட்டில் இந்தியாவில் திருப்பிக் கொடுப்பது என்ற பேச்சு முஸ்தஃபா சென்டரிலிருந்துதான் தொடங்கும். 1971இல் சிறு துணிக்கடையாகத் தொடங்கிய அந்தக் குடும்ப வணிகம், 1995இல் சையது ஆல்வி சாலையில் இன்றைய கட்டடத்தைத் திறந்தது. 2003 முதல் கொவிட் வரும்வரை இரவும் பகலும் மூடாமல் நடந்தது. அரிசி, தங்கம், கைக்கடிகாரம், பெட்டி, மருந்து, சேலை என்று ஒரே கூரையின் கீழ் விற்கும் இடத்தில் ஒரே விதி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பொருள் நிறைந்த பையின் வாயை நெகிழிக் கட்டுவாரால் இறுக்கிக் கட்டி அனுப்புவது அங்கு பழகிப்போன காட்சி. வாசலில் ரசீதையும் பார்ப்பார்கள். அந்தக் கட்டை வீட்டில் போய் வெட்டும்போதுதான் பலருக்குத் தாங்கள் வாங்கியது என்ன என்பதே நிதானமாகத் தெரிகிறது.

இங்கே ‘ரீஃபண்ட்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வந்த சுற்றுப்பயணி “ரீஃபண்ட் எங்கே?” என்று கேட்டால், அவர் கேட்பது பொருள் சேவை வரியை. 2024 ஜனவரி 1 முதல் அந்த வரி 9 விழுக்காடு. சுற்றுப்பயணிகளுக்கான திட்டத்தில் சேர்ந்த கடையில் வரியோடு 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கி, இரண்டு மாதத்துக்குள் பொருளோடு நாட்டை விட்டுப் புறப்படுபவர் விமான நிலையத்தில் அதைக் கேட்டுப் பெறலாம். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய மூன்று ரசீதுகள் வரை சேர்த்து 100 வெள்ளி ஆக்கலாம். இதற்கும் பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்கும் தொடர்பே இல்லை. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இது கிடையாது. கடந்த 6 மாதத்தில் சிங்கப்பூரில் வேலை பார்த்தவருக்கும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவை நிரப்பும் வெளிநாட்டு ஊழியர் ஊருக்குப் போகும்போது எவ்வளவு பெரிய பெட்டி கட்டினாலும் வரி திரும்பாது.

அந்த ஊழியருக்கு லெமன் சட்டமும் காகிதத்தில்தான் முழுமையானது. தம்பிக்கு வாங்கிய கைத்தொலைபேசி புதுக்கோட்டையில் பெட்டி திறந்த அன்றே இயங்காமல் போகலாம். 6 மாதக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். பொருளைக் கடைக்குக் கொண்டுவரப்போவது யார்? அடுத்து ஊரிலிருந்து வரும் அறைத்தோழர் கையில் கொடுத்துவிடுவதுதான் வழி. அதனால் விவரம் தெரிந்தவர்கள் கடையிலேயே பெட்டியைப் பிரித்து, மின்சாரம் கொடுத்து, ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். உள்ளூர் முகவரின் உத்தரவாதம் உள்ள ‘லோக்கல் செட்’டா, வேறு சந்தைக்காகச் செய்த ‘எக்ஸ்போர்ட் செட்’டா என்று முன்பே கேட்பதும் அதற்காகத்தான். உத்தரவாதம் தயாரிப்பாளர் கொடுப்பது, லெமன் சட்டத்தின் பொறுப்பு விற்றவருடையது. “கம்பெனியில போய்க் கேளுங்க” என்று கடை கைகழுவ முடியாது.

சேலைக் கடைகளின் முறை வேறு. தேக்கா நிலையத்தின் மேல்மாடியிலும் கேம்பல் லேன் பக்கத்திலும் எழுதிய கொள்கையைவிட முகப்பழக்கத்துக்கு மதிப்பு அதிகம். “மாத்திக்குங்கக்கா, காசு மட்டும் கேட்டுராதீங்க” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். மடிப்புக் கலையாமல் வந்தால் வேறு சேலை எடுத்துக்கொள்ளலாம். ரவிக்கைத் துண்டை வெட்டியாயிற்று, ஃபால்ஸ் அடித்தாயிற்று என்றால் எந்தப் பழக்கமும் உதவாது. அந்தச் சேலையை இன்னொருவருக்கு விற்கமுடியாது. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் மாற்றுவதுகூடக் கடினம். பண்டிகை முடிந்த மறுநாள் சரக்கின் மதிப்பு இறங்கிவிடும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். சொந்தத் துணியைக் கொடுத்துத் தைத்த ரவிக்கை பொருந்தாவிட்டால் அது பொருளைவிடச் சேவையின் பக்கம் சாய்கிற விவகாரம். தையற்காரர் பிரித்துத் தைத்துக் கொடுப்பார். அவரும் பழகியவராகத்தான் இருப்பார்.

நகைக் கடையில் திருப்பிக் கொடுப்பதற்கு அர்த்தமே மாறிவிடுகிறது. சிராங்கூன் சாலையில் வாங்கிய 916 சங்கிலியை, அதாவது 22 காரட் தங்கத்தை, பல ஆண்டுகள் கழித்தும் கொண்டுபோய் வேறு நகையாக மாற்றலாம். துணிக்கும் மின்சாதனத்துக்கும் இல்லாத சலுகை இது. காரணம், கடை திரும்பப் பெறுவது நகையை அல்ல, எடையை. அன்றைய தங்க விலைக்கு எடை போடுவார்கள். செய்கூலியும் வாங்கும்போது கட்டிய வரியும் போனது போனதுதான். விலை ஏறிக்கொண்டிருந்தால் அந்த இழப்பு கண்ணில் படாது. நேற்று வாங்கியதை இன்று பிடிக்கவில்லை என்று கொண்டுபோனவருக்கு மட்டும் பளிச்சென்று தெரியும்.

பணத்தைத் திருப்பித் தருவது எவ்வளவு கசப்பாக முடியலாம் என்பதைச் சிங்கப்பூர் 2014இல் பார்த்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள சிம் லிம் ஸ்குவேரில், ஒரு கைத்தொலைபேசிக் கடை சீனப் பெண் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரவேண்டிய 1,010 வெள்ளியைச் சில்லறைக் காசுகளாகக் கொட்டிக் கொடுத்தது. சில நாளில் அதே கடையில் வியட்நாமியச் சுற்றுப்பயணி ஒருவர் 950 வெள்ளிக்கு ஐஃபோன் வாங்கினார். உத்தரவாதத்துக்கென்று மேலும் 1,500 வெள்ளி கேட்டபோது, பணத்தைத் திருப்பித் தரும்படி மண்டியிட்டு அழுதார். அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. கடை உரிமையாளருக்கு மறு ஆண்டு 33 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. தண்டனை, பொருளைத் திரும்பப் பெற மறுத்ததற்காக அல்ல, ஏமாற்றியதற்காக. 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, தொடர்ந்து மோசடி செய்யும் கடைகளுக்கு எதிராக நீதிமன்றத் தடையாணை கேட்கும் அதிகாரம் அரசு அமைப்பு ஒன்றிடம் கொடுக்கப்பட்டது. 2018 ஏப்ரல் முதல் அது போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்திடம் இருக்கிறது.

இந்தியாவில் வாங்கிச் சிங்கப்பூருக்குக் கொண்டுவரும் குடும்பங்களும் ஏராளம். 2020 ஜூலையில் நடப்புக்கு வந்த இந்தியப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. ரசீதில் காலமே குறிக்கவில்லை என்றால் 30 நாள். தியாகராய நகரில் ரசீதின் அடியில் ‘மாற்ற இயலாது’ என்று அச்சிட்டிருந்தாலும் பழுதான பட்டுக்கு அது முடிவான பதில் ஆகாது. ஆனால் அங்கும் மனம் மாறியவருக்குச் சட்டம் எதுவும் தருவதில்லை.

கடையோடு பேசி முடியாதபோது 1971இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்; அது கடைக்கு எழுதி, இரு தரப்பையும் அமரவைத்துப் பேசும். அடுத்த படி சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையுள்ள வழக்குகளை அது எடுக்கும். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் வழக்கைப் பதியவேண்டும். வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. வாங்கியவரும் விற்றவரும் தாங்களே பேசவேண்டும். 5,000 வெள்ளி வரை கேட்கும் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளி. சில்லறைக் காசாகக் கிடைத்த அந்த 1,010 வெள்ளியும் இந்த மன்றத்தின் உத்தரவில் வந்ததுதான்.

கடையே இல்லாமல் போனால் இவற்றில் எதுவும் பெரிதாக உதவாது. 2020 அக்டோபர் 30ஆம் தேதி ராபின்சன்ஸ் கடையை மூடப்போவதாக அறிவித்தது. அப்போது மெத்தைக்கும் கட்டிலுக்கும் முன்பணமோ முழுப் பணமோ கட்டிவிட்டுக் காத்திருந்தவர்கள், ஒரே நாளில் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் போய் நின்றார்கள். வங்கியும் பிறரும் எடுத்ததுபோக மிஞ்சினால்தான் அந்த வரிசைக்கு ஏதாவது வரும். 162 ஆண்டு நடந்த பேரங்காடியில் எழுதிவைத்திருந்த மாற்றிக்கொள்ளும் விதிகள் எதற்கும் பயன்படவில்லை. சிலருக்கு மெத்தை வந்து சேர்ந்தது. அதை அனுப்பியவர்கள், கவுண்டரில் சரக்கு வைத்திருந்த மெத்தை நிறுவனங்கள்.